கல்லூரி கூடைப்பந்து ஒப்பந்தம் படித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அக்கா மகன் அமெரிக்காவில் டிவிஷன் 1 எனும் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவில் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறான். சீசன் முடிந்ததும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களின் இணையப் பட்டியல்) பெயர் கொடுக்கப் போகிறானாம். 2024 முதல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். சரி. ஆனால் பெயர் கொடுத்துவிட்டால், இப்போதைய கல்லூரி நடப்புப் பருவத்தோடு உதவித்தொகையை நிறுத்த விதி இடம் தருகிறது. மாற நினைக்கும் எல்லோருக்கும் வேறு இடம் கிடைப்பதும் இல்லை. அக்காவுக்கு அந்தக் கவலையில் தூக்கமே போய்விட்டது.

அப்புறம் பணம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். சிறிய கல்லூரிகள் அதன் அருகில்கூடப் போவதில்லை. பையன்கள் கிளம்புவதில் வியப்பில்லை. ஒரு ஏஜென்ட் பெரிய தொகை பேசித் தருவதாகச் சொல்கிறார். பாதியில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் விதி இத்தகைய பல ஒப்பந்தங்களில் உண்டு. வருமான வரியும் அவன் தலையில்தான்.

விளையாட்டு ஒப்பந்தம் பார்க்கும் வக்கீல் யாரையாவது தெரியுமா? உங்கள் பிள்ளைகள் இப்படி மாறியிருந்தால், ஏஜென்ட் கமிஷன் எவ்வளவு கொடுத்தீர்கள், புதுக் கல்லூரியிடம் எதை எழுத்தில் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். போர்ட்டல் கொஞ்ச நாள்தான் திறந்திருக்கும், அதற்குள் முடிவெடுக்க வேண்டும். தனிச்செய்தி அனுப்பினாலும் போதும்.