மறு: குளிர்முகிலா, ஒளிகசி முகிலா?

அன்பின் ஐயா,

பின்னாலிருக்கும் விண்மீனின் ஒளியை ஓரளவு கசியவிடும் விண்முகிலுக்கு (translucent cloud) தமிழ்ப் பெயராக முன்வைக்கப்பட்ட “குளிர்முகில்” காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. கழியூதா (புற ஊதா) நிறமாலையால் ஆராயப்படும் உடுவிடை முகில்கள், அதாவது விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயு, தூசு முகில்கள், பெரும்பாலும் 50 முதல் 100 கெல்வின் வரை இருப்பவை. தூசு அடர்ந்த கருமுகில்களோ 10 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்தவை. குளிரை வைத்துப் பெயரிட்டால் அந்தப் பெயர் கருமுகிலுக்கே போய்ச் சேரும். ஆனால் கருமுகிலுக்குள் புகுந்த கழியூதாக் கதிர் மறுபக்கம் வராது. இந்த முறை அங்கே செல்லாது.

இம்முகில்களில் நாம் தேடும் ஐதரசன் மூலக்கூறு இருபுறமும் ஒத்தது, மின்னேற்றம் ஒருபக்கம் சாயாதது. அதனால் குளிரில் அது கதிர் காலுவதே அரிது. வானொலி வானியலாளர்கள் காபனோரொட்சைட்டைப் பார்த்து அதன் அளவை மதிப்பிடுவதும் இதனால்தான். முகிலுக்குப் பின்னால் சூடான விண்மீன் ஒன்று இருந்தால் மட்டுமே, அதன் ஒளியில் ஏறத்தாழ 111 நனோமீற்றருக்குக் கீழே ஐதரசனின் உறிஞ்சல் கோடுகள் விழும். வளிமண்டலம் அந்தக் கதிரை விடாது. எனவே 1970இல் ஜோர்ஜ் கரதர்ஸ் கருவியை ரொக்கெட்டில் ஏற்றி, பெர்சியசு உடுத்தொகுதியின் க்சை விண்மீனை நோக்கி முதன்முதல் உடுவிடை ஐதரசன் மூலக்கூறைக் கண்டார். பிறகு 1972இல் கொப்பர்னிக்கசு, 1999இல் ஃபியூஸ் செய்மதிகள் போயின. மிகத் தாழ்ந்த இரு சுழற்சிச் சக்தி மட்டங்களிலும் உள்ள மூலக்கூறுகளின் விகிதத்திலிருந்தே முகிலின் வெப்பநிலை கிடைத்துவிடுகிறது. எத்தனை அழகான முறை!

ஆகவே ஒளி கசிந்து வருவதைப் பெயரே சொல்ல வேண்டும். “ஒளிகசியும் பொருள்” என்பதை எங்கள் பிள்ளைகள் கீழ்வகுப்பில் எண்ணெய் பூசிய கடதாசியை வைத்தே படித்துவிடுகிறார்கள். இங்கே திருகோணமலையில் உயர்தர வகுப்பில் “ஒளிகசி முகில்” என்று பலகையில் எழுதியதும் ஒரு மாணவி, “அப்ப பின்னால ஒரு வெள்ளி இருக்க வேணுமே, சேர்?” என்று விண்மீனைக் குறித்துக் கேட்டாள். ஒரு கலைச்சொல்லிடம் இதைவிட என்ன எதிர்பார்க்கலாம்?

இதே முகிலுக்கு அக்கா சொன்ன “அரைத்தெளி முகில்” என்ற பெயர் தனியே நின்றால் பரவாயில்லை. ஆனால் ஃபியூஸ் பார்த்த திசைகள் பலவற்றில், ஒரே முகில் என்று எண்ணியது அடுக்கடுக்காக நின்ற மெல்லிய முகில்களாகவும் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. அதனால் நம்மிடமிருந்து விண்மீன் வரை செல்லும் பார்வைக்கோட்டுக்கும் தனிச்சொல் தேவை. “அரைத்தெளி பார்வைக்கோடு” என்றால் பார்வையே மங்கியதாக ஆகிவிடும். “ஒளிகசி பார்வைக்கோடு” அந்தக் குழப்பம் தராது.

“ஒளிகசி முகில்”, “ஒளிகசி பார்வைக்கோடு” இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் தனித்தனிப் பதிவாகச் சேர்த்துவிடுங்கள், ஐயா. “உடுவிடை” (interstellar) என்ற சொல் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.