தனி வலைப்பூக்களுக்கு மதிப்பெண் போடும்போது தோற்றத்துக்கு எவ்வளவு, எழுத்துக்கு எவ்வளவு?

நீடாமங்கலம் வாசகர்:

எல்லோருக்கும் வணக்கம். டெல்டாக்காரர்கள் சொந்தமாக நடத்தும் தமிழ் வலைப்பூக்களைப் படித்து, நன்றாக இருக்கும் ஒன்றிரண்டுக்குப் பொங்கலையொட்டிச் சின்னதாகப் பரிசு கொடுக்கலாம் என்று எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் முடிவாகியிருக்கிறது. மதிப்பெண் போடும் வேலை எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது. அதில் ஒருவர் நூற்றுக்கு ஐம்பதைத் தோற்றத்துக்கே ஒதுக்கவேண்டும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டு பேரிடம் வந்து மாட்டி நிற்கிறோம். ஒருவர் சம்பா விவசாயி, பல வருஷமாக கூகுளின் வலைப்பூத் தளமான பிளாக்கரில் எழுதுகிறார், பழைய டெம்ப்ளேட், ஓரத்தில் பாதி வேலை செய்யாத விட்ஜெட்டுகள், ஆனால் நாற்றங்கால் விட்டதிலிருந்து களத்தில் நெல் தூற்றியது வரை எல்லாம் இருக்கிறது. இன்னொருவர் கோயில் கோயிலாகப் போய் எழுதுகிறார். திறந்தவுடன் கோபுரம் திரை முழுக்க நிற்கும், நிறம், எழுத்துரு எல்லாமே கண்ணுக்கு அழகு. படித்தால் தலவரலாறு வேறு எங்கோ படித்த மாதிரியே போகிறது, தஞ்சைப் பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாது என்றும் எழுதியிருக்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

கும்பகோணம், வலைத்தள வடிவமைப்பு:

ஐம்பது ரொம்ப அதிகம், ஆனால் தோற்றத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. அழகாக இருக்கிறதா என்று கேட்காமல், படிக்க முடிகிறதா என்று கேளுங்கள். மூன்று பேரும் லேப்டாப்பை மூடிவிட்டு, விலை குறைந்த ஒரு போனில், சிக்னல் சுமாராக இருக்கும் இடத்தில் திறந்து பாருங்கள். நம் ஊரில் படிக்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் படிக்கிறார்கள். அந்தத் திரை முழுக்க நிற்கும் கோபுரம் போனில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியதாக இருந்தால் அது ஒன்றே நாலைந்து எம்பி இருக்கும், அது இறங்கி முடிப்பதற்குள் வாசகர் கிளம்பிவிடுவார்.

தமிழுக்கென்று பார்க்கவேண்டியது தனியாக இருக்கிறது. நம் எழுத்தில் கி, கீ மேலே ஏறும், கு, கூ கீழே இறங்கும், அதனால் ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி நமக்குப் போதாது, எழுத்தின் அளவைப் போல ஒன்றே முக்கால் மடங்காவது விட்டால்தான் கண் வலிக்காமல் படிக்கலாம். இரண்டு ஓரத்தையும் நேராக்குகிறேன் என்று இழுத்துவிடுபவர்களும் நிறைய. நம் சொற்கள் நீளம், போன் திரையோ குறுகல், வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும், நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். பின்னணியில் படத்தைப் போட்டு அதன்மேல் வெளிர் சாம்பல் எழுத்து வைத்திருந்தால் தாராளமாகக் குறையுங்கள். இணைய அணுகல்தன்மை நெறிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கின்றன, அதை அளந்து சொல்லும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒரு விஷயத்துக்கு மட்டும் குறைத்துவிடாதீர்கள். தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கர் அதை முகவரியில் ஏற்காமல் 'பிளாக் போஸ்ட்' என்று பொதுவாக ஏதோ போட்டுவிடும், அது பதிவரின் அலட்சியம் கிடையாது. என் கணக்கில் தோற்றத்துக்கு இருபது போதும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியை:

தம்பி, அந்த நிழல் விஷயத்தைச் சின்னதாக நினைத்து விட்டுவிடாதீர்கள். விமானம் 216 அடி உயரம், அதன் நிழல் தினமும் விழுகிறது, சாயங்காலம் வெளிமுற்றத்தில் போய் நின்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு எழுதுகிறவர் கேட்டதை எழுதினால் ஓரளவு புரிகிறது. இதே ஊர்ப்பக்கம் இருந்து, கோயிலுக்குள் போய்ப் படமும் எடுத்தவர், தலையைத் திருப்பித் தரையைப் பார்க்கவில்லை என்றால் மற்றவற்றை நான் எதை நம்பிப் படிப்பது?

ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் கலசம் கொடுத்த செய்தி அந்தக் கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியும் இருக்கிறது. 1010 என்று நாம் வருஷம் சொல்வதே அப்படிப்பட்ட சான்றை வைத்துத்தான். இதை எங்கே பார்த்தேன் என்று ஒரு வரி எழுதுகிற பதிவருக்கு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு பத்தியை எடுத்துக் கூகுளில் போட்டுத் தேடுங்கள், அதே பத்தி வேறு இடங்களில் வரிக்கு வரி கிடைத்தால் விஷயம் முடிந்தது. அதற்காகப் பாட்டி வீட்டுத் திண்ணையைப் பற்றி எழுதுகிறவரிடம் ஆதாரம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அங்கே அவர் கண்டது, அவர் வீட்டுப் பேச்சு, அவர் மட்டுமே எழுதக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வகையையும் ஒரே அளவுகோலில் வைப்பது நியாயமில்லை.

திருத்துறைப்பூண்டி, விவசாயம்:

டீச்சர் சொல்வது சரி. விவசாயப் பதிவு என்றால் நான் முதலில் தேடுவது தேதி. 'மேட்டூர் அணை திறந்து பதினைந்தாம் நாள் நாற்று விட்டோம்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் எனக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. வழக்கப்படி ஜூன் 12, அது 2020இல் நடந்தது, 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், தாமதமான வருஷங்களும் உண்டு. அணையில் திறந்த தண்ணீர் எங்களைப் போன்ற கடைமடைக்கு வந்து சேர்வதற்கும் நாளாகும். எந்த வருஷம், எந்த வாய்க்கால், களியா மணலா, எந்தப் பட்டம், குறுவையா தாளடியா, இவ்வளவும் இருந்தால்தான் அடுத்தவன் அதைப் பார்த்துத் தன் வயலில் ஏதாவது செய்ய முடியும். மாப்பிள்ளைச் சம்பா சாய்ந்துவிட்டது என்று சாய்ந்த படத்தோடு எழுதுகிறவரை நான் நம்புவேன். எல்லாப் பட்டத்திலும் அமோகம் என்றே எழுதுகிறவர் எதையாவது விற்கிறாரா என்று பாருங்கள்.

பழைய பதிவுகளையும் தோண்டுங்கள் தம்பி. கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16ஆம் தேதியை ஒட்டி எழுதியவர்களின் பக்கங்களை இன்றைக்குப் படித்தால், எந்தத் தோப்பில் எத்தனை தென்னை விழுந்தது, கரண்ட் எப்போது வந்தது என்று பேப்பரில் வராததெல்லாம் கிடைக்கும். பதிவில் தேதி காட்டாத டெம்ப்ளேட்டாக இருந்தாலும் பிளாக்கர் முகவரியிலேயே வருஷமும் மாதமும் இருக்கும், அதைப் பாருங்கள்.

மயிலாடுதுறை, பார்வைக் குறைபாடுள்ள வாசகர்:

கும்பகோணத்து அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் திரையில் உள்ள எழுத்தைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துக் கேட்டுத்தான் படிக்கிறேன். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருந்தால் எப்படிப்பட்ட பழைய டெம்ப்ளேட்டும் எனக்குப் பேசும். கவிதையை அழகான எழுத்துருவில் படமாக்கிப் போட்டுவிட்டால் எனக்கு அங்கே எதுவும் கிடையாது, படத்தில் உள்ளதை எழுத்தில் சொல்லும் மாற்று உரை கொடுத்திருந்தால்தான் உண்டு. அந்தக் காலத்து பாமினி மாதிரியான எழுத்துருவில் உள்ள பக்கங்கள் ஆங்கில எழுத்துகளாக உளறும். பக்கம் திறந்ததும் தானாகப் பாட்டு ஓடினால் வாசிப்பான் சொல்வதே காதில் விழாது. யாரும் திருடக்கூடாது என்று எழுத்தைத் தேர்வு செய்யவே விடாமல் பூட்டி வைப்பவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும்: திருடுபவருக்கு அந்தப் பூட்டு ஒரு தடையே இல்லை, ஒரு வரியை எடுத்து மகளுக்கு அனுப்ப நினைக்கிற வாசகர்தான் மாட்டிக்கொள்கிறார்.

அந்த விவசாயியின் பக்கம் எனக்கு எப்படிக் கேட்கிறது என்று சொல்லத் தயார், முகவரியை அனுப்புங்கள்.

நீடாமங்கலம் வாசகர்:

எல்லோருக்கும் நன்றி, முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்பிவிட்டேன். இன்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். படிக்க வசதியாக இருப்பதற்கு இருபது, மீதி எண்பதும் எழுத்துக்கு என்று ஒத்துக்கொண்டோம். முகப்பை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை, ஒவ்வொருவருடைய முதல் பதிவு, கடைசிப் பதிவு, நடுவில் நாங்களாக எடுக்கும் சில பதிவுகள் ஆகியவற்றைப் போனிலேயே படிப்பது என்றும் முடிவு. கோயில் பதிவருக்கு நிழல் விஷயத்தைப் பின்னூட்டத்தில் மரியாதையாக எழுதப்போகிறேன். திருத்தினால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியை:

கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஆனால் பழைய வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போனால் பத்தாது, திருத்தினேன் என்று தேதியோடு அந்தப் பதிவிலேயே எழுதியிருக்கவேண்டும்.