யூஎஸ்பிஏஎஸ்பி மூலம் நிரல் ஏற்றினால் ஈஈப்ராம் காலியாகிவிடுகிறது. எப்படித் தடுப்பது?

எடைக்கல்:

அட்மெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் சிப் வைத்து ஒரு சிறிய எடைமானி செய்திருக்கிறேன். லோடுசெல்லின் (எடை உணரியின்) அளவு எச்எக்ஸ்711 என்ற மாற்றி சிப் வழியாக வருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் கேலிபரேஷன் வேறுபடும். அதனால் வெறும் தட்டின் அளவு நான்கு பைட் முழு எண்ணாகவும், பெருக்கு எண் நான்கு பைட் ஃபிளோட்டாகவும் (தசம எண்) ஈஈப்ராமில், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத சிறு தரவு நினைவகத்தில், இருக்கின்றன. கூடவே இரண்டு பைட்டில் கருவியின் வரிசை எண்.

மாதிரிக் கருவி ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருந்தது. யூஎஸ்பி கம்பியைச் செருகி ஐடிஇயிலிருந்தே நிரலை ஏற்றுவேன். எத்தனை முறை ஏற்றினாலும் கேலிபரேஷன் அப்படியே இருக்கும். இப்போது சொந்தமாக போர்டு வடிவமைத்து, அதில் சிப்பை மட்டும் வைத்து, யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரையும் கணினியில் ஏவிஆர்டியூடெஸ் மென்பொருளையும் பயன்படுத்துகிறேன். நிரல் ஏறுகிறது, வெரிஃபையும் சரியாக முடிகிறது. ஆனால் கருவியை இயக்கினால் எடை வரவேண்டிய இடத்தில் 'என்ஏஎன்' (எண் அல்ல) என்று நிற்கிறது. ஈஈப்ராமைப் படித்துப் பார்த்தால் 1024 பைட்டும் எஃப்எஃப்.

மென்பொருளில் ஃபிளாஷை (நிரல் இருக்கும் நினைவகத்தை) அழிக்க வேண்டாம் என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்து ஏற்றியபோது ஈஈப்ராம் தப்பியது, ஆனால் ஃபிளாஷ் வெரிஃபை தோற்றது.

சிப்கள் பூட்லோடர் (நிரலை உள்வாங்கி எழுதும் சிறு நிரல்) ஏற்றிய நிலையில் வாங்கியவை. ஃபியூஸ்களை (சிப்பின் அமைப்பு பிட்களை) ஹெக்ஸில் படித்ததில் லோ எஃப்எஃப், ஹை டிஇ, எக்ஸ்டெண்டட் எஃப்டி என்று வருகிறது. ஒவ்வொரு முறையும் எடைக்கல் வைத்து மறுபடி கேலிபரேட் செய்வதைத் தவிர வழி இருக்கிறதா?


பழைய ஈயம்:

வழி இருக்கு. ஒரே ஒரு பிட் மாத்தணும். அதுக்கு முன்னாடி ஊனோவில் ஏன் தப்பிச்சது, இங்க ஏன் மாட்டுதுன்னு பார்த்துடுங்க. இல்லேன்னா அடுத்த சிப்பில் வேற இடத்தில் இடிக்கும்.

ஊனோவில் நிரலை எழுதினது புரோகிராமர் இல்ல, சிப்புக்குள்ளேயே இருக்கிற பூட்லோடர். அது ஃபிளாஷை ஒவ்வொரு பக்கமா, 128 பைட் 128 பைட்டா அழிச்சு எழுதும். ஈஈப்ராம் பக்கம் போகவே போகாது. யூஎஸ்பிஏஎஸ்பி அப்படி இல்ல. வெளியே இருந்து எஸ்பிஐ வழியா வந்து 'சிப் எரேஸ்'னு ஒரே கட்டளை கொடுக்குது. அந்தக் கட்டளைக்கு ஃபிளாஷ், ஈஈப்ராம், லாக் பிட் (வெளியே இருந்து படிக்கவிடாம பூட்டுறது) மூணும் ஒண்ணுதான், மொத்தமா போயிடும். ஃபியூஸ் மட்டும் தப்பிக்கும். ஃபிளோட் இருக்கவேண்டிய நாலு பைட்டில் நாலு எஃப்எஃப் இருந்தா அதுக்கு அர்த்தமே என்ஏஎன்தான். உங்க திரை உண்மையைத்தான் சொல்லுது.

ஃபிளாஷை அழிக்காம எழுதினா வெரிஃபை தோக்கத்தான் செய்யும். ஃபிளாஷில் எழுதுறதுன்னா 1ஐ 0 ஆக்குறது மட்டும்தான். 0ஐ மறுபடி 1 ஆக்க அழிச்சே ஆகணும். பழைய நிரல் மேலயே புதுசை எழுதினா ரெண்டுலயும் 1 இருக்கிற இடத்தில் மட்டும்தான் 1 மிஞ்சும். ஈஈப்ராமுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஒவ்வொரு பைட்டையும் எழுதும்போதே தானா அழிச்சுக்கும். ஆகவே அந்த டிக்கை எடுத்துடுங்க, இந்த வேலைக்கு அது உதவாது.

இப்ப அந்த பிட். ஹை ஃபியூஸில் 3ஆவது பிட் (வலது ஓரத்தை 0ன்னு வெச்சு எண்ணணும்), பேரு ஈஈசேவ். அது 0 ஆனா சிப் எரேஸ் ஈஈப்ராமைத் தொடாது. ஃபியூஸ் உலகத்தில் 0ன்னா 'போட்டாச்சு', 1ன்னா 'போடல'. சில மென்பொருளில் டிக் போட்டா 0, சிலதில் டிக் போட்டா 1. அதனால நான் டிக் பெட்டியை நம்புறதே இல்ல, ஹெக்ஸ் எண்ணைக் கையால எழுதிச் சரிபார்ப்பேன். உங்க டிஇயை பைனரியில் எழுதினா 1101 1110. 3ஆவது பிட்டை 0 ஆக்கினா 1101 0110, அதாவது டி6.

டி6ஓட நிறுத்தாதீங்க. கடைசி பிட் பூட்ரீசெட். அது 0 ஆ இருந்தா ரீசெட் ஆனதும் சிப் பூட்லோடர் இருக்கிற இடத்துக்குத் தாவும். உங்க பூட்லோடர் முதல் சிப் எரேஸ்லயே போயாச்சு. இப்ப ஓடுறது தற்செயல்தான். சிப் காலி இடத்தில் இறங்கி, எஃப்எஃப் மேலயே நடந்து ஃபிளாஷ் முடிவுக்குப் போய், முகவரி சுத்திக்கிட்டு சுழியத்துக்கு வந்து உங்க நிரலைப் பிடிக்குது. நிரல் 32,256 பைட்டைத் தாண்டி வளர்ந்தா அந்த இடத்தில் உங்க கட்டளைகளே உட்கார்ந்திருக்கும், ரீசெட் நேரா நடுவில் போய் விழும். அந்த பிட்டையும் 1 ஆக்கிட்டா 1101 0111. ஹை ஃபியூஸுக்கு நீங்க எழுதவேண்டியது டி7.

மேல இருக்கிற ரெண்டு பிட் பக்கம் கை போகவே கூடாது. 7ஆவது ரீசெட் காலைச் சாதாரணக் காலாக்கிடும், 6ஆவது டீபக்வயரை (நிரல் பிழை தேடுற வழி) எழுப்பிடும். எதைப் போட்டாலும் யூஎஸ்பிஏஎஸ்பியால அந்த சிப்போட பேச முடியாது. ரீசெட் கால் போச்சுன்னா 12 வோல்ட் கொடுக்கிற ஹை வோல்டேஜ் புரோகிராமர் வேணும்.

எக்ஸ்டெண்டடில் எஃப்டின்னா பிரவுன்அவுட், அதாவது மின்சாரம் குறைஞ்சா சிப்பை ரீசெட்டில் நிறுத்துற அளவு, 2.7 வோல்ட். லோ எஃப்எஃப்னு இருக்கிறதால 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்னு எடுத்துக்கிறேன், மின்சாரம் 5 வோல்ட்தானே? இந்த சிப்புக்கு 2.7 வோல்ட்டில் 10 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் உத்தரவாதம். மின்சாரம் மெல்ல இறங்கும்போது 2.7க்கு மேல, ஆனா 16 மெகாஹெர்ட்ஸுக்குப் போதாத ஒரு இடைவெளி வருது. அங்க சிப் தப்பும் தவறுமா ஓடி ஈஈப்ராமில் கிறுக்கினாலும் கிறுக்கும். எஃப்சி போட்டா 4.3 வோல்ட்லயே ரீசெட்டில் நிறுத்திடும். கேலிபரேஷனை ஈஈப்ராமில் வைக்கிற கருவிக்கு நான் எஃப்சிதான் போடுவேன்.

ஏத்துற வரிசை: முதல்ல ஈஈப்ராமைப் படிச்சு ஒரு கோப்பில் சேமிங்க. அப்புறம் ஃபியூஸை மட்டும் தனியா எழுதுங்க. அதைத் திருப்பிப் படிச்சு டி7, எஃப்சி வந்தபிறகுதான் ஃபிளாஷ். ஃபியூஸையும் ஃபிளாஷையும் ஒரே ஓட்டத்தில் கொடுத்தா அழிப்பு முதல்ல நடந்துடும், ஈஈசேவ் பின்னாடி வந்து சேரும்.


பதினாறுபிட்:

ஈயம் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ஈஈசேவ் போட்டபிறகு வரும் அடுத்த சிக்கலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஈஈப்ராமில் இருக்கும் மாறிகளை நிரலில் தனித்தனியாக 'ஈஈமெம்' என்று அறிவித்திருந்தால், எது எந்த முகவரியில் உட்காரும் என்பதை முடிவு செய்வது கம்பைலரும் லிங்கரும்தான். அடுத்த பதிப்பில் நீங்கள் ஒரு மாறியைக் கூடுதலாகச் சேர்த்தால் மற்றவை நகர்ந்துவிடலாம். சிப்பில் பழைய பைட்கள் பழைய இடத்தில் இருக்கும், புதிய நிரல் வேறு இடத்தில் தேடும். முன்பு காலியாக இருந்ததால் என்ஏஎன் என்று கத்தியது. இனி கத்தாது, தவறான எடையை நம்பிக்கையோடு காட்டும். எடைமானிக்கு இதைவிட மோசமான நிலை இல்லை.

எல்லாவற்றையும் ஒரே ஸ்டிரக்ட்டில் போடுங்கள். முதலில் பதிப்பு எண், கடைசியில் சிஆர்சி (பைட்கள் கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்). புதியவற்றை நடுவில் நுழைக்காதீர்கள், சிஆர்சிக்கு முன்னால் மட்டுமே சேருங்கள், பதிப்பு எண்ணையும் கூட்டுங்கள். சிஆர்சி கணக்கிட ஏவிஆர் லிப்சியிலேயே ஆயத்தமான ஃபங்ஷன்கள் உண்டு. இயங்கத் தொடங்கியதும் பதிப்பும் சிஆர்சியும் பொருந்தாவிட்டால் எடையே காட்டாமல் 'கேலிபரேட் செய்க' என்று நிற்கட்டும்.

எழுதும்போது ரைட் ஃபங்ஷனை விட்டு அப்டேட் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். மதிப்பு மாறியிருந்தால்தான் அது எழுதும். ஈஈப்ராம் 1,00,000 முறை எழுதத் தாங்கும் என்று தரவுத்தாள் சொல்கிறது. ஒவ்வொரு டேர் (எடையைச் சுழியமாக்கும் பொத்தான்) அழுத்தத்துக்கும் எழுதும் நிரல் அதையும் ஒருநாள் தின்றுவிடும்.


எடைக்கல்:

இருவருக்கும் நன்றி. டி7, எஃப்சி இரண்டையும் எழுதித் திருப்பிப் படித்தேன், சரியாக வந்தன. கேலிபரேட் செய்துவிட்டு நிரலை மறுபடி ஏற்றினேன், எடை அப்படியே நிற்கிறது. ஸ்டிரக்ட்டையும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆம், 16 மெகாஹெர்ட்ஸ், 5 வோல்ட்தான்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். ஒவ்வொரு சிப்புக்கும் வரிசை எண்ணை மாற்றி எழுத வேண்டும். அதற்காக ஒவ்வொரு எண்ணுக்கும் நிரலைத் திரும்பக் கம்பைல் செய்கிறேன், சலிப்பாக இருக்கிறது. இரண்டாவது, பூட்லோடர் இல்லாத புத்தம்புதிய சிப் ஒன்றைப் போட்டபோது புரோகிராமர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இணைப்புகள் எல்லாம் சரி. அதே சாக்கெட்டில் மற்ற சிப்கள் பேசுகின்றன.


பழைய ஈயம்:

ரெண்டாவதை முதல்ல சொல்றேன். ஃபேக்டரியில் இருந்து வர்ற 328பி உள்ளே இருக்கிற 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரை எட்டால வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதோட லோ ஃபியூஸ் 62. எஸ்பிஐ கடிகாரம் சிப்போட வேகத்தில் நாலில் ஒரு பங்குக்குக் கீழ இருக்கணும், அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழ. யூஎஸ்பிஏஎஸ்பி வழக்கமா 375இல் பேசும். இது பேசுற வேகத்துக்கு அது கேட்க முடியல, அவ்வளவுதான். ஏவிஆர்டியூடெஸில் பிட் கிளாக் பெட்டியில் 10 போடுங்க, மைக்ரோசெகண்ட் கணக்கு, 100 கிலோஹெர்ட்ஸ் ஆகும். உங்க யூஎஸ்பிஏஎஸ்பியோட ஃபர்ம்வேர் பழசா இருந்து அதைக் கண்டுக்கலேன்னா, போர்டிலேயே வேகத்தைக் குறைக்கிற ஜம்பர் இருக்கும், அதைச் சேருங்க. சிக்னேச்சர் (சிப்போட அடையாள எண்) 1இ 95 0எஃப்னு வந்தா 328பி. 1இ 95 14னு வந்தா அது பி இல்லாத 328, மென்பொருளில் சிப் பேரை மாத்திக்கோங்க. சிக்னேச்சர் பொருந்தலேன்னாலும் பரவாயில்லன்னு ஃபோர்ஸ் பெட்டியை டிக் பண்றவங்க இருக்காங்க. அது கண்ணைக் கட்டிக்கிட்டு ஃபியூஸ் எழுதுறதுக்குச் சமம். பேசினதும் ஃபியூஸை எழுதிட்டு வேகத்தைப் பழையபடி ஏத்திக்கலாம்.

வரிசை எண்ணுக்குக் கம்பைலரே வேண்டாம். வரைகலை மென்பொருளுக்கு அடியில் ஓடுறது ஏவிஆர்டியூட்தான், கீழ அது கட்டுற கட்டளையையும் காட்டும். அதை எடுத்து ஒரு பேட்ச் கோப்பில் போடுங்க. ஏவிஆர்டியூடில் ஈஈப்ராமுக்குக் கோப்புக்குப் பதிலா பைட்களையே காற்புள்ளி போட்டுக் கொடுத்து, கடைசியில் வடிவத்துக்கு 'எம்'னு சொன்னா அந்த பைட்களை முதல் முகவரியில் இருந்து எழுதும். ஆகவே ஸ்டிரக்ட்டுக்கு முன்னாடி, சுழியத்தில் வரிசை எண்ணைத் தனியா வையுங்க, சிஆர்சி கணக்கிலும் சேர்க்க வேண்டாம். ஈஈப்ராமை மட்டும் எழுதச் சொன்னா ஏவிஆர்டியூட் சிப்பை அழிக்காது. பேட்ச் கோப்பு எண்ணைத் தானே கூட்டிக்கட்டும். எழுதினதைப் படிச்சு ஒரு பதிவுக் கோப்பில் சேர்க்கிற மாதிரி ஒரு வரியும் போட்டுடுங்க. எந்தக் கருவிக்கு எந்த எண்ணுன்னு பின்னாடி யாரையும் கேட்க வேண்டாம்.


சுழியன்:

இதே சிக்கலோடு பிக் (வேறொரு வகை மைக்ரோகன்ட்ரோலர்) வைத்திருப்பவர்கள் யாராவது தேடி வரக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. பிக்குக்கு நிரல் ஏற்றும் எம்பிலேப் ஐபிஇ மென்பொருளில் ஃபியூஸ் பிட் தேடவேண்டாம், ஈஈப்ராமைக் காப்பாற்றும் விருப்பம் மென்பொருள் அமைப்பிலேயே இருக்கிறது. ஆனால் 12எஃப்675 போன்ற சிறிய பிக்குகளில் நிரல் நினைவகத்தின் கடைசி இடத்தில், ஹெக்ஸ் 3எஃப்எஃப் முகவரியில், உள் ஆஸிலேட்டரின் கேலிபரேஷன் எண்ணை ஃபேக்டரியில் எழுதி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு சிப்புக்கும் அது வேறு. மொத்தமாக அழித்தால் அதுவும் போய்விடும். எதையும் செய்வதற்குமுன் அந்த இடத்தைப் படித்துச் சிப்பின் முதுகில் ஒட்டுச்சீட்டில் எழுதி ஒட்டுவது என் பழக்கம்.

எஸ்டிஎம்32எஃப்103 சிப் வைத்திருக்கும் ஆட்களுக்கு ஈஈப்ராமே கிடையாது, ஃபிளாஷின் கடைசிப் பக்கத்தைத்தான் அதற்கு ஒதுக்குவோம். அதற்கு நிரல் ஏற்றும் கியூப்புரோகிராமரில் முழு சிப் அழிப்பை டிக் செய்யாமல் விட்டால் நிரல் விழும் பக்கங்களை மட்டும் அழித்து எழுதும்.


எடைக்கல்:

பிட் கிளாக்கை 10 ஆக்கியதும் புதிய சிப் பேசிவிட்டது. பேட்ச் கோப்பும் ஓடுகிறது.

கடைசியாக ஒன்று. கருவியை வெளியே கொடுப்பதற்குமுன் லாக் பிட் போடலாம் என்றிருக்கிறேன். கேலிபரேஷன் மெனுவுக்குள் போவதற்கான கடவுச்சொல்லையும் ஈஈப்ராமில்தான் வைத்திருக்கிறேன். லாக் போட்டால் யாராலும் படிக்க முடியாதுதானே? லாக் போட்டபிறகு புதிய நிரல் ஏற்றினால் கேலிபரேஷன் பிழைக்குமா?


பழைய ஈயம்:

பிழைக்கும். அதே காரணத்தால கடவுச்சொல்லோட ரகசியம் பிழைக்காது.

லாக் பைட்டை எஃப்சி ஆக்கினா ஃபிளாஷையும் ஈஈப்ராமையும் வெளியே இருந்து படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. ஃபியூஸும் பூட்டிக்கும், அதனால லாக் எப்பவும் கடைசி வேலை. பூட்டைத் திறக்கிற ஒரே வழி சிப் எரேஸ். ஈஈசேவ் இல்லாத சிப்பில் பூட்டு திறக்கிறதுக்குள்ள எல்லாம் அழிஞ்சிருக்கும், திருட ஒண்ணும் மிஞ்சாது. உங்க சிப்பில் ஈஈசேவ் இருக்கே! யார் வேணும்னாலும் சிப் எரேஸ் கொடுப்பாங்க. ஃபிளாஷ் போகும், லாக் போகும், ஈஈப்ராம் முழுசா திறந்து கிடக்கும். படிச்சுட்டுப் போகலாம்.

கேலிபரேஷனை எவன் படிச்சா என்ன, அது இருக்கட்டும். கடவுச்சொல்லை ஃபிளாஷுக்கு மாத்துங்க, அது லாக்குக்குப் பின்னாடி இருக்கும், எரேஸ் கொடுத்தா கூடவே போயிடும். ஒவ்வொரு கருவிக்கும் வேற வேற கடவுச்சொல் வேணும்னா ஃபிளாஷில் ஒரு ரகசிய எண்ணை வெச்சு, அதையும் வரிசை எண்ணையும் கலந்து நிரலே கணக்குப் போட்டு எடுக்கட்டும்.

பேட்ச் கோப்பில் லாக் எழுதுற வரியை வெரிஃபைக்கும் அந்தப் பதிவுக் கோப்பு வரிக்கும் அப்புறம் போடுங்க. முன்னாடி போட்டா படிக்கவே விடாது.