இரும்புப் படலைக்கு எந்த அலாரம் சரிவரும்? (திருகோணமலை, உவர்மலை)

அம்மாவுக்கு 78 வயது, அல்சைமர். பின்னேரம் 5 மணி தாண்டினால் "லோஞ்சுப் படகுக்கு நேரமாச்சு, மூதூருக்குப் போகவேணும்" எண்டு செருப்பைக் கையில எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவா. மறிச்சால் கோபம் கூடும். ரோட்டு இறக்கம், அங்கால கடல்.

செய்து பார்த்தவை: அல்சைமருக்குக் குடுக்கிற டொனெபெசில் மருந்து 10 மி.கி. இரவில குடுத்ததை டொக்டரிட்டக் கேட்டுக் காலைக்கு மாத்தினம். நித்திரை கொஞ்சம் திருந்தினது, வெளிக்கிடுறது நிக்கேல்ல. குழப்பத்தைக் கூட்டக்கூடிய சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் ரெண்டும் இல்லை. பொழுதுபட முதலே எல்லா லைட்டும் போடுறம், 3 மணிக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை. உள் கதவுக்குச் சுவர் நிறத்தில சீலை தொங்கவிட்டது நல்லா உதவுது. பூட்டிவைக்க விருப்பமில்லை, நெருப்புப் பிடிச்சால் என்ன செய்யிறது?

பிரச்சினை முன்படலைதான். காந்தம் வைச்ச ரெண்டு துண்டு சென்சர் பூட்டினம். இரும்பில ஒட்டினபடியால் காந்தம் சரியாப் பிடிக்குதில்லை. கடல் காத்தில படலை ஆடி இடைவெளி கூடினதும் சும்மா அடிக்கும். பிறகு ஒருத்தரும் கவனிக்கிறேல்ல, அதுதான் ஆபத்து. உப்புக் காத்துக்கு பட்டரி முனையும் கறள் பிடிச்சிட்டுது. வைஃபை படலைவரை எட்டாது, கறண்டும் அடிக்கடி போகுது.

இப்படியான இரும்புப் படலைக்கு, வைஃபை இல்லாமல் பட்டரியில ஓடி, வீட்டுக்குள்ள மணியடிக்கிற எந்த வகை அலாரத்தை நீங்கள் பாவிக்கிறியள்?