சிபில் 614, பழைய கார்டு 'செட்டில்டு': கொழிஞ்சாம்பாறையில வீடு வாங்க லோன் கிடைக்குமா?

கொழிஞ்சாம்பாறை_வாசி

வணக்கமுங்க. கேரளாவுல, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் 6 செண்ட்ல கட்டின வீடு ஒண்ணு 30 லட்சத்துக்குப் பேசியிருக்கு. கையில 12 லட்சம் இருக்கு. 22 லட்சம் லோன் போடலாம்னு கணக்கு. வேலை கோயமுத்தூர்ல தனியார் கம்பெனி, பிடித்தம் போக சம்பளம் 41,000. பைக் லோன் மாசம் 3,800, இன்னும் 9 டியூ இருக்கு.

சிக்கல் இதுதான்: 2021-ல ஒரு கிரெடிட் கார்டு பாக்கி 61,000 ஆகி, பேங்க்காரங்களே பேசி 23,000 வாங்கிட்டு முடிச்சாங்க. ரிப்போர்ட்ல 'செட்டில்டு'னு நிக்குது. இப்ப இருக்கற கார்டுக்கு லிமிட் 60,000. மாசம் 50,000 வரைக்கும் போகும், ஆனா டியூ தேதிக்குள்ள முழுசும் கட்டிடறேன். ஸ்கோர் 614.

ஒரு ஏஜென்ட், நாலஞ்சு பேங்க்ல ஒரே வாரத்துல போட்டுடலாம்ங்கறார். இன்னொருத்தர் 10,000 குடுத்தா ஒரு மாசத்துல 750 ஆக்கித் தர்றேங்கறார். விக்கறவர் இந்த மாசமே 3 லட்சம் அட்வான்ஸ் கேக்கறார். எதை முதல்ல செய்யறதுங்க?

கிளை_மேசை

ரெண்டு ஏஜென்டையும் முதல்ல நிறுத்துங்க. 10,000 கேக்கறவர் செய்யக்கூடிய வேலை எல்லாமே சிபில் தளத்துல நீங்களே காசில்லாம செய்யலாம். உண்மையான பதிவை யாரும் அழிக்க முடியாது. நாலஞ்சு பேங்க்ல போடறது அதைவிடக் கெடுதல். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்ல விசாரணையா விழும். அஞ்சாவது பேங்க் மேனேஜர் திறந்து பாக்கறப்ப, ஏற்கனவே நாலு பேர்கிட்ட போயிட்டு வந்திருக்கார்னுதான் தெரியும். நீங்களே உங்க ரிப்போர்ட்டைப் பாக்கறதுக்கு ஸ்கோர் குறையாது.

இனி விஷயத்துக்கு வர்றேன். 614-ங்கற எண்ணைவிட அந்த 'செட்டில்டு'ங்கற வரிதான் உங்களைத் தடுக்குது. ஸ்கோர் 700 தாண்டினாலும் அந்த வரி இருந்தா கேள்வி வரும். கடன் குடுக்கறவர் அதை, '38,000 விட்டுக்குடுத்த ஆள்'னுதான் படிப்பார். அதை 'குளோஸ்டு' ஆக்கணும். வழி இதுங்க:

கார்டு குடுத்த பேங்க்குக்கு ஈமெயில்ல எழுதுங்க: விட்டுக்குடுத்த தொகையைக் கட்டத் தயார், கட்டினா நிலுவையில்லாச் சான்று தந்து நாலு கிரெடிட் பீரோவுக்கும் (நம்ம கடன் விவரத்தை வச்சிருக்கற கம்பெனிங்க) 'குளோஸ்டு'னு அனுப்புவீங்களா, மொத்தம் எவ்வளவு? 38,000-தான் கேப்பாங்கன்னு உறுதி இல்லை, வட்டி சேத்தும் சொல்லலாம். பேரம் பேச இடமுண்டு. பதில் கடிதம் கையில வந்த பிறகுதான் பணம். கார்டு கணக்குக்கே நேரா அனுப்புங்க, பணம் போனதுக்கான யூடிஆர் எண்ணைப் பத்திரப்படுத்துங்க. வசூல் ஆள்கிட்ட ரொக்கமா ஒரு ரூபாகூட வேண்டாம்.

இங்க சறுக்கற இடம் ஒண்ணு இருக்கு. அந்தக் கடனை பேங்க் ஏதாவது சொத்து மறுசீரமைப்பு கம்பெனிக்கு (வராக்கடனை வாங்கி வசூல் பண்றவங்க) வித்திருந்தா, ரிப்போர்ட்ல அந்தக் கம்பெனி பேர் இருக்கும். அப்ப சான்றும் அவங்கதான் தரணும். பேங்க்ல வாங்கற கடிதம் மட்டும் போதாது. அதனால முழு ரிப்போர்ட்டை எடுத்து கணக்கு யார் பேர்ல நிக்குதுன்னு பாத்துட்டு எழுதுங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க், நாலு பேருமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாத் தரணும். லோன் குடுக்கறவர் எதைப் பாப்பார்னு நமக்குத் தெரியாது, நாலையும் எடுத்துடுங்க.

பேங்குகள் மாசம் ரெண்டு தடவையாவது பீரோவுக்கு நிலவரம் அனுப்பணும். அப்படியும் மாறலைன்னா பீரோ தளத்துலயே டிஸ்ப்யூட் (தப்பைத் திருத்தச் சொல்ற புகார்) போடுங்க, கட்டணம் இல்லை. 30 நாள்ல தீர்க்கணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபா இழப்பீடுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு.

அடுத்தது இப்ப இருக்கற கார்டு. டியூ தேதிக்குள்ள கட்டறது நல்லதுதான், ஆனா பீரோவுக்குப் போறது பெரும்பாலும் ஸ்டேட்மென்ட்ல விழற பாக்கி. 60,000-ல 50,000-ன்னா கழுத்துவரைக்கும் கடன்ல இருக்கற ஆள் மாதிரி தெரியும். ஸ்டேட்மென்ட் தேதிக்கு நாலு நாள் முன்னாடியே பெரும்பகுதியைக் கட்டி, 18,000-க்குக் கீழ கொண்டுவந்துடுங்க. சீக்கிரம் பலன் தெரியறது இதுலதான்.

வட்டிக்_கணக்கு

மேல சொன்னதுல ஒரு கணக்கு விட்டுப்போச்சு. பல பேங்க் கையில வர்ற சம்பளத்துல பாதிவரைக்கும்தான் எல்லா டியூவும் சேத்து விடுவாங்க. உங்களுக்கு 20,500. பைக்குக்கு 3,800 போனா மிச்சம் 16,700. இருபது வருஷத்துக்கு 8.5% வட்டின்னா லட்சத்துக்கு டியூ ஏறக்குறைய 868 ரூபா. அப்ப கிடைக்கறது 19 லட்சம் சொச்சம், 22 வராது. பைக் லோனை முடிச்சா 20,500-ம் வீட்டுக்கே, 23.5 லட்சம் வரைக்கும் போகும். பாக்கி 34,000 சொச்சம்தான், முன்கூட்டி முடிக்கற கட்டணம் இருந்தா அதையும் கேட்டுட்டுக் கட்டிடுங்க. என்.ஓ.சி (ஆட்சேபணையில்லாச் சான்று) வாங்கி, ஆர்.சி புக்குல வண்டி மேல கடன் இருக்குன்னு காட்டற ஹைப்பாதிகேஷன் பதிவை எடுக்க மறந்துடாதீங்க.

ஸ்கோர் குறைவா இருந்தா ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி தரும், இல்லேங்கலை. ஆனா 11% ஆனா லட்சத்துக்கு 1,032. பைக் லோனை முடிச்சும் 20 லட்சம்கூட முழுசா வராது. 20 லட்சத்துக்கு 8.5%-ல டியூ 17,356, 11%-ல 20,644. வித்தியாசம் மாசம் 3,288, இருபது வருஷத்துல 7.89 லட்சம். நாலு மாசம் பொறுத்தா இது மிச்சம். அவசரமே ஆனா ஃப்ளோட்டிங் (அப்பப்ப ஏறி இறங்கற) வட்டியில மட்டும் வாங்குங்க. தனியாளுக்கு ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, ஒரு வருஷம் டியூ தவறாமக் கட்டிட்டு வேற பேங்க்குக்கு மாத்திக்கலாம். கையெழுத்துக்கு முன்னாடி கேஎஃப்எஸ் (கடனோட முக்கிய விவரம் எழுதின) தாள் கேளுங்க. எல்லாக் கட்டணமும் சேத்த வருஷ வட்டி அதுலதான் இருக்கும், விளம்பரத்துல இருக்காது.

ஆதாரமெழுத்து

சிபிலைச் சொல்லிட்டீங்க, பூமியை யாரும் கேக்கலையே! நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலூகாவுல லோன் நிக்கறதுல பாதி இங்கதான். ஸ்கோர் 800 இருந்தாலும் அடிப்படை வரிப் பதிவேட்டுல அந்த 6 செண்ட் 'நிலம்'னு (கேரளாப் பதிவுல அப்படின்னா நெல்வயல்) இருந்தா பேங்க் வக்கீல் திருப்பி அனுப்பிடுவார். 'புரயிடம்'னு (வயலல்லாத மனை பூமி) இருக்கணும். மேல வீடு நிக்கறதால பதிவேடு மாறிடாது. 2008 நெல்வயல் சட்டத்துல டேட்டா பேங்க்னு நெல்வயல், சதுப்பு நிலங்களோட பட்டியல் ஒண்ணு இருக்கு. அதுல சர்வே நம்பர் இருந்தா, முதல்ல ஃபாரம் 5 போட்டு நீக்கணும். பட்டியல்ல இல்லாம பதிவேட்டுல மட்டும் நிலம்னு இருந்தா, 50 செண்டுக்குள்ளங்கறதால ஃபாரம் 6. ரெண்டும் விக்கறவர் பேர்ல, விக்கறவர் செலவுல. மாசக்கணக்கா இழுக்கற வேலை, அதனால அட்வான்ஸுக்கு முன்னாடியே பாருங்க.

வில்லேஜ் ஆபீஸ்ல இந்த வருஷக் கரம் (நில வரி) கட்டின ரசீது, கைவசச் சான்று, லொக்கேஷன் ஸ்கெட்ச். பஞ்சாயத்துல வீட்டு உரிமைச் சான்று, வீட்டு வரி ரசீது. ஆதாரமும் (கிரயப் பத்திரம்) முன்னாதாரமும் (அதுக்கு முந்தின பத்திரம்) அசல் கேளுங்க. போக்குவரவு (பேர் மாத்தற பதிவு) விக்கறவர் பேர்ல முடிஞ்சிருக்கான்னு தண்டப்பேர்ல (வில்லேஜ் ஆபீஸ் உரிமையாளர் பதிவேடு) பாத்துக்குங்க. குடிக்கடச் சான்று (வில்லங்கச் சான்று) 30 வருஷத்துக்கு எடுங்க. கூட்டுறவு பேங்க்ல பழைய கடன் இருந்தா அதுல கஹான் (கூட்டுறவுக் கடனுக்காகப் பூமி மேல போட்ட அடமானப் பதிவு) காட்டும். கடன் தீந்திருந்தாலும் சங்கம் கஹான் விடுதல் அனுப்பாம விட்டது நிறைய உண்டு. அதை நீக்கின சான்று வராம எந்த பேங்கும் பணம் விடாது.

இன்னொண்ணு. கோயமுத்தூர் கிளையில போடாதீங்க. மலையாள ஆதாரத்தைப் படிச்சு அபிப்ராயம் எழுத வக்கீல், மதிப்பீட்டாளர் எல்லாம் கேரளாப் பக்கம்தான். அதே பேங்கோட சித்தூர் அல்லது பாலக்காடு கிளையில போட்டு, சம்பளக் காகிதத்தைக் கோயமுத்தூர்லருந்து குடுங்க.

கொழிஞ்சாம்பாறை_வாசி

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பைக்கை இந்த வாரமே முடிச்சுடறேன். விக்கறவர் ஆதாரத்துல 20 லட்சம்னு எழுதிக்கலாம், மிச்சம் 10 ரொக்கமாக் குடுங்க, முத்திரை மிச்சம்ங்கறார். அது சரியாங்க?

ஆதாரமெழுத்து

வேண்டாம் தம்பி. கேரளாவுல முத்திரை 8, பதிவு 2, ஆக 10%. பத்து லட்சம் மறைச்சா மிச்சம் ஒரு லட்சம். ஆனா பேங்க் 20 லட்சத்தை வச்சுத்தான் கணக்குப் போடும். 30 லட்சம் வரைக்குமான லோனுக்கு உச்சமே சொத்து மதிப்புல 90%, அதாவது 18 லட்சம். உங்க ஸ்கோருக்கு அதுவும் வராது. அப்பறம் அந்த 10 லட்சம் ரொக்கத்துக்கு எங்க போவீங்க? வீடு, பூமி விலையா 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே அளவு தொகை வருமான வரி அபராதம். இதை விக்கறவர்கிட்டயே சொல்லுங்க, அவரே பின்வாங்கிடுவார்.

கிளை_மேசை

30 எழுதினா முத்திரையும் பதிவும் 3 லட்சம், கைக்காசு 8. பன்னெண்டுல மிச்சம் ஒரு லட்சம். அதுலதான் கார்டும் பைக்கும் முடிக்கணும், வக்கீல், மதிப்பீடு, பிராசசிங் எல்லாம் போகணும். இறுக்கமாத்தான் இருக்கும். அட்வான்ஸ் 3 லட்சத்தை 50,000-க்குப் பேசிக் குறைங்க, செக்குலயே குடுங்க. அக்ரிமென்ட்ல ரெண்டு வரி சேக்கணும்: கெடு ஆறு மாசம், பேங்க் கடன் மறுத்தாலோ பூமி 'நிலம்'னு தெரிஞ்சாலோ அட்வான்ஸ் முழுசும் திருப்பித் தரணும். அந்த ரெண்டு வரிக்கு அவர் ஒத்துக்கலைன்னா வேற வீடு பாருங்க.