கம்ப்ரெசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும்: சென்னையில் நாம் பார்த்தவை

அம்பத்தூர், பெயிண்ட் ஷாப் மெயின்டனன்ஸ்:

மழைக்காலத்தில்தான் கம்ப்ரெசர் காற்று போகும் குழாயில், அதாவது ஏர் லைனில், தண்ணீர் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை மே, ஜூன்தான் மோசம். எங்கள் ஷாப்பில் ஒரு கோடையில் பேனல் மேல் பொடிப்பொடியாகக் கொப்புளம். பெயிண்டர் தின்னரைக் குறை சொன்னார், தின்னர் கொடுத்தவர் பெயிண்டரைக் குறை சொன்னார். ஹோஸைக் கழற்றி வெள்ளைப் பருத்தித் துணியில் காற்றை அடித்துப் பார்த்தோம். துணி நனைந்தது, நடுவில் பழுப்பாகத் துரு.

காற்றின் ஈரத்தை எடுக்கும் ட்ரையரின் டிஸ்ப்ளேயில் 3 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. அதனால் யாருக்கும் அதன் மேல் சந்தேகம் வரவில்லை. திறந்தால், தண்ணீரைத் தானாக வெளியேற்றும் ஆட்டோ டிரெயின் துருச்சேற்றில் அடைத்துக் கிடந்தது. ட்ரையர் காற்றைக் குளிரவைத்துத் தண்ணீரைப் பிரித்திருக்கிறது. பிரிந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் காற்றோடே திரும்ப லைனில் ஏறிவிட்டது. டிஸ்ப்ளே காட்டுவது குளிர்ச்சியை மட்டும்தான். தண்ணீர் வெளியேறியதா என்று அது சொல்லாது.

எவ்வளவு தண்ணீர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம், நம் ஊருக்குச் சாதாரணம். அந்தக் காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். 7 பார் அழுத்தத்துக்கு அழுத்தி 35 டிகிரிக்கு ஆறவிட்டால் அதில் 5 கிராம்தான் ஆவியாக நிற்கும், மீதி தண்ணீர். 100 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 100 கன அடி காற்று) கம்ப்ரெசர் முழு லோடில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர்! இதை நம்பாதவர்கள் காற்று சேரும் டேங்கின் டிரெயினுக்கு அடியில் ஒரு பக்கெட் வைத்துப் பார்க்கட்டும்.

அப்புறம் கோடை விஷயம். டேங்கை விட்டு வரும் காற்று எப்படியும் ஈரத்தால் நிறைந்துதான் இருக்கும். ட்ரையருக்குச் சுமை கூடுவது அது எவ்வளவு சூடாக வருகிறது என்பதில்தான். 35 டிகிரியில் வருவதைவிட 45 டிகிரியில் வரும் காற்று ஒன்றரை மடங்குக்கு மேல் நீராவியைக் கொண்டுவரும். எங்கள் கம்ப்ரெசர் ரூம் மேற்குப் பார்த்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கம்ப்ரெசர் விடும் அனல் காற்று அதே ரூமில் சுற்றும். டக்ட் போட்டு அதை வெளியே தள்ளி, ட்ரையரை நிழலான பக்கத்து ரூமுக்கு மாற்றினோம். கொப்புளம் நின்றது, புது ட்ரையர் வாங்க வேண்டியிருக்கவில்லை. ட்ரையர் வாங்கும்போது கேட்லாக்கில் உள்ள சி.எஃப்.எம். எந்த வெப்பநிலைக்கு என்று கேளுங்கள். 25 டிகிரி அறைக்குப் போட்ட கணக்கு சென்னை மே மாதத்துக்கு உதவாது.

மயிலாப்பூர், பல் மருத்துவ உபகரண சர்வீஸ்:

அண்ணன் சொன்ன துணி சோதனையை நானும் செய்வேன். கிளினிக்குகளில் வேறு ஒரு நம்பிக்கை: "ஆயில் ஃப்ரீ கம்ப்ரெசர் சார், காற்று சுத்தம்" என்பார்கள். ஆயில் ஃப்ரீ என்றால் கம்ப்ரெசர் எண்ணெய் சேர்க்காது, அவ்வளவுதான். ஈரம் ஈரமாகவே இருக்கும். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸின் பேரிங் துருப்பிடித்துச் சத்தம் போடும், ஃபில்லிங் சரியாக ஒட்டாது. ஒரு இடத்தில் டேங்க் டிரெயினைத் திறந்தேன், சாக்கடை நாற்றத்தோடு கலங்கல் தண்ணீர் கொட்டியது. நோயாளி வாய்க்குள் போகிற காற்று அது. சிறிய கிளினிக்காக இருந்தாலும் ட்ரையர் உள்ள மாடல் வாங்குங்கள், தினமும் டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

திருமழிசை, உணவு பேக்கிங் யூனிட்:

எண்ணெய் பற்றி நான் சொல்கிறேன். கோலெசிங் ஃபில்டர் எண்ணெய்த் துளியைப் பிடிக்கும், எண்ணெய் ஆவியைப் பிடிக்காது. ஆவிக்குக் கார்பன் ஃபில்டர் வேண்டும். வரிசை மாறக் கூடாது: ட்ரையர், கோலெசிங், கடைசியில் கார்பன். நான் போன ஒரு யூனிட்டில் கார்பன் முதலில் இருந்தது. துளி எண்ணெயும் ஈரமும் பட்டுக் கார்பன் சீக்கிரமே வீணாகி, பேக்கெட்டைத் திறந்தால் லேசாக எண்ணெய் வாடை.

இன்னொன்று, கோலெசிங் அடைத்தால் பிரஷர் கேஜ் காட்டிக்கொடுக்கும். கார்பன் தீர்ந்தால் கேஜ் அசையவே அசையாது. கம்பெனி சொன்ன மணிக்கணக்கை ஃபில்டர் மேலேயே மார்க்கரில் எழுதி, நேரம் வந்ததும் மாற்றிவிடுங்கள். கம்ப்ரெசர் காற்றின் சுத்தத்துக்கான ஐ.எஸ்.ஓ. 8573-1 தரத்தில் எண்ணெய்க்கு முதல் வகுப்பு கன மீட்டருக்கு 0.01 மில்லிகிராம். வாடையை மோந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, டெஸ்ட் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.