கட்டம் முதலிலா, கடைசியிலா?

கடைசிபெஞ்ச்:
வாட்ஸ்அப்புல ஒரு டியூஷன் ஆடியோ சுத்துது. "பத்தாம் வகுப்புத் தமிழ்ல கடைசியா வர்ற எட்டு மார்க் கட்டுரைக்கு, உட்தலைப்புகளை வரிசையா எழுதுற குறிப்புச் சட்டகத்தைக் கட்டம் போட்டு மொதல்ல எழுதிடுங்க, அதுதான் கட்டுரையைத் திட்டமிடுறது" அப்படின்னு. கேக்கவே எரிச்சலா இருக்கு. குறிப்பு கேள்வித்தாள்லயே இருக்கே! பொருட்காட்சிக் கட்டுரைன்னா முன்னுரை, அறிவிப்பு, அமைப்பு, சிறு அங்காடிகள், முடிவுரைன்னு அவங்களே கொடுத்துடுறாங்க. அதைப் பார்த்துக் கட்டத்துக்குள்ள எழுதுறதுல என்ன திட்டம்? பாதிப் பசங்க அரைப் பக்கம் இடம் விட்டுட்டு, கட்டுரை முடிஞ்சப்புறம்தான் கட்டத்தை நிரப்புறாங்க.

தமிழய்யா:
"பாதிப் பசங்க" என்பது யார் எடுத்த கணக்கு? நான் விடைத்தாள் திருத்தியவன். சட்டகம் முதலில் எழுதப்பட வேண்டியது. மனையடி பார்க்காமல் சுவர் எழுப்புவோர் பேச்சு இப்படித்தான் இருக்கும். தம்பிக்கு நினைவிருக்கும், போன மாதம் வல்லினம் மிகும் இடம் தெரியாமல் இங்கே வாதாடியது.

கடைசிபெஞ்ச்:
ஆரம்பிச்சிட்டாரு. ஒற்றுப் பஞ்சாயத்து அன்னைக்கே முடிஞ்சு போச்சு அய்யா. நான் கேட்டது ஒண்ணுதான். திருத்துறப்போ கட்டம் முதல்ல போட்டதா கடைசில போட்டதான்னு உங்களால கண்டுபிடிக்க முடியுமா?

தமிழய்யா:
முடியும். முதலில் போட்டவன் கையெழுத்து கட்டத்துக்குள் நிதானமாக இருக்கும். கடைசியில் போட்டவன் கட்டம் கோணும், 'முடிவுரை' கோட்டுக்கு வெளியே தொங்கும்.

ரெட்இங்க்:
அய்யா, மணியடிக்கிற நேரத்துல எல்லாமே கோணும். பிள்ளைங்க அந்தக் கேள்விக்கு வரும்போது ஏற்கெனவே ரெண்டு எட்டு மார்க் எழுதிக் கை ஓய்ஞ்சிருக்கும். நான் வகுப்புல கட்டமே போடச் சொல்றதில்லை. ஒவ்வொரு உட்தலைப்புக்கும் ரஃப் நோட்டுல ஒரே ஒரு முழு வாக்கியம் எழுதச் சொல்வேன். 'சிறு அங்காடிகள்'னு மட்டும் எழுதினா ஒண்ணும் ஓடாது. "அப்பளக் கடையில் நின்ற கூட்டம் அரசு அரங்குகளில் இல்லை"னு எழுதினா அடுத்த அஞ்சு வரி தானா வரும். எந்தத் தலைப்புக்கு வாக்கியம் வரலையோ, அதை ரெண்டு வரியில முடிச்சிட்டு நகரச் சொல்வேன்.

தமிழய்யா:
ரஃப் நோட்டில் எழுதினாலும் முதலில்தானே எழுதினீர்கள்? என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள், நன்றி.

ரெட்இங்க்:
நான் சொன்னது வாக்கியம். கட்டம் இல்லை.

தமிழய்யா:
முதலில் என்பது முதலில். நன்னூலார் சொல்கிறார்: ஆயிர முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே. எவ்வளவு பெரிய நூலானாலும் பாயிரம், அதாவது முன்னுரை, இல்லாவிட்டால் அது நூலே இல்லை. எட்டு மார்க் கட்டுரைக்கும் அதே சட்டம்தான்.

கடைசிபெஞ்ச்:
அய்யா நல்லா மாட்டுனீங்க. சிறப்புப் பாயிரத்தை நூல் எழுதினவரே எழுதுறதில்லை. அவரோட ஆசிரியர், கூடப் படிச்சவர், மாணாக்கர், உரைகாரர்னு அதே நன்னூல் ஒரு பட்டியல் போடுது. நூலைப் படிச்சுப் பார்த்துட்டுத்தானே அவங்க எழுதணும்? முன்னாடி வைக்கிறது, பின்னாடி எழுதுறது. என் பசங்க கட்டமும் அதேதான்.

தமிழய்யா:
எல்லா நூலுக்கும் பொதுவான பொதுப்பாயிரம் வேறு, ஒரு நூலுக்கே உரிய சிறப்புப்பாயிரம் வேறு. அரைகுறையாகப் படித்துவிட்டு ஆர்ப்பரிக்க வேண்டாம். 'அதேதான்', 'அதேதான்' என்று நீர் எழுதுவதற்கும் நன்னூலில் பெயர் உண்டு: கூறியது கூறல். பத்துக் குற்றத்தில் ஒன்று.

கடைசிபெஞ்ச்:
'முதலில்'னு நீங்க எத்தனை தடவை எழுதியிருக்கீங்கன்னு மேல போய் எண்ணிப் பாருங்க.

சின்னவன்அம்மா:
மன்னிக்கணும், இடையில வர்றேன். என் பையனுக்கு மிஸ் கட்டத்தை ஸ்கெட்ச் பேனாவுல போடச் சொன்னாங்களாம். அப்படிப் போடலாமா? முன்னுரை எத்தனை வரி எழுதணும்?

தமிழய்யா:
ஸ்கெட்ச் பேனாவா! விடைத்தாளா, கல்யாணப் பத்திரிகையா? என் காலத்தில் ஸ்கேலும் பென்சிலும்தான். இந்த வண்ண மோகம் கோனார் உரையைக்கூடப் புரட்டாத தலைமுறையின் சொத்து.

ரெட்இங்க்:
அய்யா, நோட்ஸ் பார்த்து ஒப்பிக்கிறதைப் பெருமையா சொல்றீங்களே. எந்தத் தலைப்பு கொடுத்தாலும் அதே முன்னுரை, அதே குறள். நூலகம்னாலும் சாலைப் பாதுகாப்புன்னாலும் ஒரே ஆரம்பம். அங்கேயும் கட்டம் முதல்லதான் இருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?

தமிழய்யா:
குறளைக் குறை சொல்லும் அளவுக்குத் தமிழாசிரியர்கள் வந்துவிட்டார்கள் என்று சொல்கிறேன். நீங்கள் உண்மையிலேயே தமிழாசிரியர்தானா? 'ரெட்இங்க்' என்று பெயர் வைத்துக்கொண்டவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ரெட்இங்க்:
குறளை யார் குறை சொன்னா? பேரைப் பிடிச்சுத் தொங்குறவங்ககிட்ட நான் பேசுறதா இல்லை.

கடைசிபெஞ்ச்:
பாருங்க, கேட்டதுக்குப் பதிலே இல்லை. கட்டம் கடைசில போட்டா மார்க் குறையுமா, குறையாதா?

தமிழய்யா:
என்னிடம் குறையும்.

கடைசிபெஞ்ச்:
நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே!

தமிழய்யா:
ஓய்வு பெற்றது பணியிலிருந்து. தமிழிலிருந்து அல்ல. நீர் 'ரிட்டயர்' என்று எழுதும்போதே உம்முடைய யோக்கியதை தெரிகிறது. இந்தப் பொருட்காட்சிக் கட்டுரையை எப்படிச் சட்டகமிட்டு எழுதுவது என்று நாளை ஏழு பத்தியில் விளக்கமாக எழுதுகிறேன். படித்துவிட்டுப் பேசுங்கள்.

சின்னவன்அம்மா:
அய்யா, திருப்புதல் தேர்வே நாளைக்குக் காலையிலதான். ஸ்கெட்ச் பேனா வேண்டாம்னு புரிஞ்சுது. முன்னுரை எத்தனை வரி?

கடைசிபெஞ்ச்:
அம்மா, அவர்கிட்ட கேக்காதீங்க, முதல்ல கட்டம்னுதான் சொல்லுவாரு.

தமிழய்யா:
ஆம். முதலில் கட்டம்.